கேட்டால்தான் கொடுப்பார்

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரம்மாவை நினைத்தால் எனக்கு இப்போதும் முதலில் வருவது கோபம்தான். பாசமெல்லாம் அதற்குப் பிறகு மெதுவாக வரும். அது வந்து சேர்வதற்குள் நான் வேறு வேலை பார்க்கப் போய்விடுவேன்.

வடக்கு வாசல் பக்கம் ஒரு சந்தில் வீடு. மாடி எங்களுக்கு, கீழே அவரும் அவருடைய கணவரும். குடிபோன அன்றைக்கே, சாமி படம் மாட்ட ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"சுவத்துல ஆணி அடிக்கிற வேலையே வேணாம். முடியாதுன்னா முடியாது."

அவர்கள் சுவர், அவர்கள் இஷ்டம். படத்தை அலமாரியில் சாய்த்து வைத்தேன். கொஞ்ச நாள் கழித்துத் தயங்கித் தயங்கி மறுபடி கேட்டேன். முடியாது. பிறகு ஒரு நாள் படம் சரிந்து கண்ணாடி விரிசல் விட்டது. அந்த எரிச்சலில் நேரே கீழே இறங்கிப் போய் இன்னொரு தடவை கேட்டேன்.

"என்னம்மா நீ, ஒரு ஆணிக்குப் போய் இத்தனை தடவையா கேக்க வைப்ப?" என்று சொல்லிக்கொண்டே அவரே சுத்தியலைக் கொண்டுவந்து கொடுத்தார்.

கேட்க வைத்தது நானாம்.

என் கணவருக்கு இந்த வித்தை கடைசிவரை பிடிபடவில்லை. முன்வாசலுக்குள் பைக்கை நிறுத்திக்கொள்ளலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டார். முடியாது என்றார் அந்தம்மா. இவரும் சரிங்க என்று வந்துவிட்டார். அவ்வளவுதான், நாங்கள் அந்த வீட்டில் இருந்த காலம் முழுக்க பைக் சந்தில் நின்று நனைந்தது. "உன் வீட்டுக்காரர் மரியாதை தெரிஞ்சவர். ஒரு தடவை சொன்னா கேட்டுக்கிறார்" என்று என்னிடம் சர்ட்டிபிகேட் வேறு. மரியாதை தெரிந்த மனிதருடைய பைக் சீட்டில் காளான் முளைக்காததுதான் பாக்கி.

தன்னைப் பற்றி அவருக்கு ஒரு பெரிய நினைப்பு இருந்தது. தான் ரொம்பக் கண்டிப்பானவர் என்று. "நான் மட்டும் கண்டிப்பா இல்லேன்னா இந்தக் குடும்பம் என்னைக்கோ தெருவுக்கு வந்திருக்கும்" என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வார். அதில் பொய்யே கிடையாது, நிஜமாகவே அப்படி நம்பினார். முடியாது என்று எத்தனை தடவை சொன்னோம் என்பது மட்டும்தான் அவருக்கு நினைவிருக்கும். கடைசியில் என்ன செய்தோம் என்பது மறந்துவிடும். எதிரில் நிற்பவர்களுக்கோ அந்தக் கடைசி மட்டும்தான் நினைவிருக்கும்.

எங்கள் சந்துக்கு ஒரு பசு வரும். எதிர்வீட்டில் தினமும் காலையில் தவறாமல் அதற்குக் கீரைத் தண்டு போடுவார்கள். அவர்கள் மகனோடு இருக்கச் சென்னைக்குப் போனார்கள். புதிதாக வந்தவர்கள் எதுவும் போடவில்லை. பசு இரண்டு மூன்று நாள் அந்த வாசலில் நின்று பார்த்தது, பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தினமும் கிடைத்தது, இப்போது கிடைக்கவில்லை, இனி இல்லை. மாட்டுக்கு விஷயம் தெளிவாகப் புரிந்துவிட்டது.

எங்கள் கேட்டில் கதையே வேறு. அந்தம்மா அதைக் கண்டாலே "போ, போ, இங்க ஒண்ணும் கிடையாது" என்று தண்ணீரை வாரி இறைப்பார். பெரும்பாலான நாட்களில் நிஜமாகவே ஒன்றும் கிடையாது. ஆனால் என்றாவது ஒரு நாள், அது வெகுநேரம் நின்ற பிறகு, "சனியனே, இந்தா, தின்னு தொலை" என்று வாழைப்பழத் தோலைக் கொண்டுவந்து போடுவார். அந்தப் பசு மழையில் நின்றது, வெயிலில் நின்றது. கொம்பால் முட்டி முட்டி கேட் கொண்டியை வளைத்துவிட்டது. வெல்டிங்காரர் வந்து சரிசெய்துவிட்டுப் போன மறுநாளும் வந்து முட்டியது.

"இந்த ஊர் மாட்டுக்கே ரோஷம் கிடையாது" என்றார் என்னிடம்.

அவருடைய மகள் மன்னார்புரத்தில் இருந்தாள். வேற்று சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டவள். வருஷக்கணக்கில் கேட்டுக் கேட்டு, அம்மா கையாலேயே தாம்பூலம் மாற்ற வைத்தவள். "எங்கம்மா கிட்ட வாதாடக் கூடாதுக்கா. கோவிச்சுக்கவும் கூடாது. கேட்டுக்கிட்டே இருக்கணும். என்னைக்குக் கதவு திறக்கும்னு தெரியாது, ஆனா தட்டிக்கிட்டே இருந்தா திறந்துடும்" என்று எனக்கு ரகசியம் சொல்லித் தந்ததும் அவள்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேட்காமல் கொடுப்பது என்பது அந்தம்மாவுக்கு வரவே வராது. எனக்கு ஒரு தடவை நல்ல காய்ச்சல். கணவர் வெளியூரில். மாடிப்படி ஏறி வந்து வாசலில் நின்றார். "என்னம்மா, எப்படி இருக்கே?" என்றார். பரவாயில்லை என்றேன். "ஏதாவது வேணுமா?" வேண்டாம் என்றேன். போகாமல் நின்றுகொண்டே இருந்தார். முகம் வாடிப்போயிற்று. எனக்குச் சட்டென்று புரிந்தது. "கொஞ்சம் கஞ்சி கிடைக்குமாம்மா?" என்றேன். கதவுக்கு வெளியே சுவரோரம் வைத்திருந்த தூக்குவாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கஞ்சி சூடாக இருந்தது. தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய்கூட இருந்தது.

"கேட்டாத்தானேம்மா குடுக்க முடியும்?"

கஞ்சியைக் குடித்தேன். அருமையான கஞ்சி. ஆனாலும் நூற்று மூன்று டிகிரி காய்ச்சலில் ஒருத்தியைக் கேட்க வைக்கிறாரே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்றும் அந்த வீட்டில் இருந்தது. அவருடைய கணவருக்குச் சர்க்கரை.

சார் என்றுதான் கூப்பிடுவோம். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். பால்காரரிடம் பேசுவதுகூட வாய்க்குள்ளேதான். இனிப்பு விஷயத்தில் மட்டும் அந்தப் பசுவுக்கு அண்ணன். நான் தில்லைநகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். அதனால் வாரம் ஒரு தடவை வேலைக்குப் புறப்படும் முன் கீழே இறங்கி, சாரின் விரலில் ஊசி குத்தி சர்க்கரை அளவு பார்த்துச் சொல்வது என் பொறுப்பாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஏறித்தான் இருக்கும்.

மகள் வீட்டுக் குழந்தைகளுக்கென்று அந்தம்மா ரவா உருண்டை பிடித்து ஒரு டப்பாவில் பரணில் வைத்திருப்பார். மத்தியானத்துக்கு மேல் கீழே சார் கச்சேரியை ஆரம்பிப்பார். லீவு நாட்களில் எனக்கு மாடியிலேயே கேட்கும்.

"இந்தாம்மா, ஒண்ணே ஒண்ணு."

"முடியாதுங்க."

"பாதி?"

"முடியாதுன்னா முடியாது. டாக்டர் என்ன சொன்னாரு?"

"பாதியில என்ன ஆயிடப் போவுது?"

சில நாள் சாயங்காலம்வரை அசைய மாட்டார். சில நாள் சீக்கிரமே ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்கும், பரணிலிருந்து டப்பா இறங்கிவிடும். சில நாள் எவ்வளவு கெஞ்சினாலும் கிடையாது. எப்போது கொடுப்பார் என்று அவருக்கே தெரியாதபோது சாருக்கு மட்டும் எப்படித் தெரியும்? அதனால் சார் எல்லா நாளும் கேட்டார். கிடைக்காத நாளிலும் முகம் சுளிக்காமல், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது போலப் போய்ப் படுத்துக்கொள்வார்.

நான் சொல்லிப் பார்த்தேன். பொறுமையாக, கோபமாக, படம் போட்டுக்கூட. "நான் எங்கம்மா குடுக்கறேன்? பத்துத் தடவை கேட்டா ஒரு தடவை. பாவம், அதுகூடக் குடுக்கலேன்னா மனுஷியா நான்?" என்பார். அந்த ஒரு தடவைதான் மற்ற ஒன்பதையும் கேட்க வைக்கிறது என்று சொன்னால், ஏதோ நான் கஞ்சத்தனம் சொல்லித் தருவது போலப் பார்ப்பார்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் சார் வழக்கம்போல் கோயிலுக்குப் போனார். வெளிப் பிராகாரத்துக் கல் மத்தியான வெயிலில் கொதித்திருக்கிறது. செருப்பில்லாமல் நடந்தவருக்கு, சர்க்கரையால் பாதம் மரத்துப்போயிருந்ததால் சூடே உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் அந்தம்மா கொப்புளத்தைப் பார்த்தார். கொப்புளம் புண்ணானது. புண் ஆறவில்லை. கால் விரல் கறுக்கத் தொடங்கியதும் நானே லீவு போட்டு இருவரையும் எனக்குத் தெரிந்த சர்க்கரை டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கிட்டே இருந்தா என்னைக்காவது கிடைக்கும்னு அவரை நீங்கதான் பழக்கி வச்சிருக்கீங்க. இப்படிப் பழகினதை நிறுத்துறது ரொம்பக் கஷ்டம். ஒண்ணு பண்ணுங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு உருண்டை, சின்னதா. அவர் கேக்க வேண்டாம், நீங்களே குடுத்துடுங்க. மத்த நாள் எவ்வளவு கேட்டாலும் கிடையாது. எப்பக் கிடைக்கும்னு தெரிஞ்சுட்டா கேக்கிறது தானா நின்னுடும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. திரும்பி வரும்போது ஆட்டோ காவிரிப் பாலத்தில் ஏறியதும் அந்தம்மா வாயைத் திறந்தார்.

"கேக்காமலே குடுக்கறதாம். அப்ப நான் எதுக்கு? ஒரு ஆளை வச்சுக் குடுக்கச் சொல்லிடலாமே!"

வெள்ளிக்கிழமை வந்தது. அன்று எனக்கு லீவு என்பதால் நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். சாப்பாடு முடிந்தது. சமையலறை மேடையில் ஒரு கிண்ணத்தில் உருண்டை தயாராக இருந்தது. டாக்டர்தான் சொல்லிவிட்டாரே, கேட்க வேண்டாம் என்று, அதனால் சார் கூடத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். இவர் ஒரு வார்த்தை கேட்கட்டுமே என்று அந்தம்மா சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தார். மணி இரண்டாயிற்று, மூன்றாயிற்று. நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன். பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். கடைசியில் சார் பொறுக்க முடியாமல், "ஏம்மா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே? அந்த உருண்டை..." என்றார்.

"முடியாது! கேக்காம இருந்தாத்தானே குடுக்கச் சொன்னாரு டாக்டர்? நீங்கதான் கேட்டுட்டீங்களே!"

எனக்குத் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கெஞ்சல் தாங்காமல், இரண்டு உருண்டையாகவே கொடுத்தார்.

விரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்தம்மா நிஜமாகவே பயந்துபோனார். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தார். இந்த முறை முடியாது என்றால் முடியாதுதான். சாருக்கு இது புரியவில்லை. எப்படிப் புரியும்? அவரைப் பொறுத்தவரை "முடியாது" என்பதன் அர்த்தமே வேறு. இன்னும் போதுமான அளவு கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். காலையிலேயே ஆரம்பித்தார். மெதுவாகக் கேட்டவர் சத்தமாகக் கேட்டார். காபி டம்ளரைத் தட்டிவிட்டார். மாத்திரை போட மாட்டேன் என்றார். கம்பை ஊன்றி மாடிப்படி ஏறி என்னிடம் வந்து, "ஒரு ஸ்பூன் சீனி இருக்குமாம்மா?" என்றார். தலை நிமிர்ந்து பேசாத மனிதர்! கொடுக்கவில்லை. கொடுக்காமல் கதவைச் சாத்திய பிறகு அழுதேன்.

"தாங்கிக்குங்கம்மா. நிறுத்தின புதுசுல இப்படித்தான் ஜாஸ்தியாகும். தானா அடங்கிடும்" என்று தினமும் அந்தம்மாவுக்குத் தைரியம் சொன்னேன். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். நான் பெருமைப்பட்டேன். அந்தக் கொஞ்ச நாட்களில் மட்டும், தான் நினைத்துக்கொண்டிருந்த பெண்ணாகவே அவர் இருந்தார்.

ஒரு நாள் வேலை முடிந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்து வந்து இறங்கினால், சந்து முனையிலேயே ஒரு பெண் சொன்னாள்: "உங்க ஹவுஸ் ஓனர் வாசல்ல படுத்துட்டாருங்க. பொண்டாட்டி பட்டினி போட்டுக் கொல்றான்னு ஒரே சத்தம். கூட்டம் கூடிப்போச்சு."

நான் ஓடினேன். கூட்டம் கலைந்திருந்தது. சார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து, அமைதியாக, குழந்தை மாதிரி, கடையில் வாங்கிய ஜாங்கிரியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரில் அந்தம்மா தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கத்தினேன். வீட்டுச் சொந்தக்காரர், வயதில் பெரியவர் என்று எதையும் பார்க்கவில்லை. "இத்தனை நாள் தாங்கினதெல்லாம் வீணாப் போச்சு. இனிமே சும்மா கேக்க மாட்டாரு. தெருவுல படுத்தாத்தான் கிடைக்கும்னு இன்னைக்குக் கத்துக் குடுத்துட்டீங்க!"

"ஊரே பாக்குதும்மா. நான் என்ன செய்வேன்?" என்றார். பிறகு வெகு மெல்ல, "அவர் என்கிட்ட வேற எதுவும் கேட்டதே இல்லம்மா. கல்யாணம் ஆன நாள்லேருந்து" என்றார்.

அப்போது அது என் காதில் சரியாக விழவில்லை. அவ்வளவு கோபத்தில் இருந்தேன். நான் நினைத்தபடியேதான் ஆயிற்று. சார் அதற்குப் பிறகு இரண்டு தடவை வாசலில் படுத்தார். மழைக்காலம் முடிவதற்குள் வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

அதோடு சார் கேட்பது நின்றுபோயிற்று.

யாரும் சொல்லவில்லை, யாரும் திட்டவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கி வந்து கூடத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். கொடுத்ததைச் சாப்பிட்டார். சர்க்கரையில்லாத காபியைக் குடித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போய் ஊசி குத்தினால் அளவு இறங்கியிருக்கும். அடுத்த வாரம் இன்னும் இறங்கியிருக்கும். சந்தோஷப்பட்டது நான் மட்டும்தான். மகள் மன்னார்புரத்திலிருந்து வந்தவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அம்மா சரியாவே சாப்பிடறதில்லக்கா. மத்தியானம் ஆனா சமையக்கட்டு வாசல்ல வந்து உக்காந்துக்கறாங்க. எதுக்குன்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கறாங்க."

அந்தம்மாவுக்கு நான் புத்தி சொன்னேன். எல்லாம் நல்லபடியாகத்தானே போகிறது, இனி கவலையில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெறுப்பு இருந்தது.

ஒரு காலை வழக்கம்போல ஊசிப் பெட்டியோடு கீழே போனேன். கதவு திறந்திருந்தது. அந்தம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு. தட்டு நிறைய ரவா உருண்டை, புதிதாகப் பிடித்தது, நெய் வாசனை வாசல்வரை அடித்தது.

"ஒரு தடவை கேளுங்களேன்" என்றார்.

சார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுக்க மாட்டேங்க. சத்தியமாக் குடுக்க மாட்டேன். நீங்க கேளுங்க, நான் முடியாதுன்னு சொல்லிட்டு உள்ள எடுத்துட்டுப் போயிடறேன். கேளுங்க."

வருஷக்கணக்கில் இந்த மனுஷியிடம் மன்றாடியிருக்கிறேன், கொடுக்காதீர்கள் என்று. அந்தத் தட்டைப் பிடுங்கித் தெருவில் எறிய என் கை துடித்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லும்மா. நீ சொன்னாக் கேப்பாரு. கேக்கச் சொல்லு அவரை."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சாரின் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். விரல் சில்லென்று இருந்தது. அந்தம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், மறுபடி கெஞ்சினார். ஊசியைக் குத்தி, சொட்டு ரத்தத்தை எடுத்து, மெஷின் எண் காட்டக் காத்திருந்தபோது, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சார் சொன்னார்:

"இந்தாம்மா, ஒண்ணே ஒண்ணு."

அந்தம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"முடியாதுங்க!" என்றார். குரல் கணீரென்று இருந்தது. தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். உள்ளே எடுத்துப் போகவில்லை. அப்படியே நின்று, அவர் இன்னொரு தடவை கேட்பதற்காகக் காத்திருந்தார். சார் கண்களை மூடிக்கொண்டார்.

மெஷின் பீப் என்றது. சர்க்கரை அளவு சரியாக இருந்தது. நான் அவர்களை அறிந்த காலத்தில் முதல் தடவையாக, மிகச் சரியாக இருந்தது. எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். இருவரும் அதைக் காதில் வாங்கவில்லை.